உப்பும் நீரும் திரும்பி வந்தபோது: திருப்பூர் சாய ஆலைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரிலும் அதைச் சுற்றியும் இயங்கிவந்த சாய ஆலைகளையும், துணியை வெளுக்கும் சலவை ஆலைகளையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. அவற்றின் கழிவைப் பெற்றுக்கொண்டிருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் அந்த உத்தரவுக்குள் அடங்கின. பனியன் தொழிலை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கியிருக்கும். திருப்பூரில் ஒரு சட்டை முழுவதும் ஒரே கூரையின் கீழ் உருவாவது அரிது. நூலை ஓரிடத்தில் வாங்கி, நிட்டிங்கை வேறோரிடத்தில் ஓட்டி, சாயத்துக்கு ஒரு பட்டறைக்கு அனுப்பி, பிறகு காம்பாக்டிங், பிரின்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று, கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் முறையில் கை மாறிக்கொண்டே போகும் துணி, நடுவிலிருந்த சாயம் என்னும் ஒரு கண்ணி அறுந்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. சிலர் சாயமேற்றாத கிரே துணியை லாரியில் ஏற்றி வட மாநிலங்களுக்கு அனுப்பிச் சாயமேற்றி வரவழைத்தார்கள். அனுமதியில்லாத பட்டறைகள் அண்டை மாவட்டங்களின் ஆற்றோரங்களில் முளைத்தன. கப்பல் தேதி தவறிய ஆர்டர்கள் கைவிட்டுப் போயின.

சுற்றுச்சூழலுக்கு இசைந்த நடைமுறைகள் நிறுவனங்களுக்கு ஆதாயம் தரும் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கூற்றைக் கணக்கோடு சோதித்துப் பார்க்கத் திருப்பூரைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்று கருதுகிறேன். இங்கே மாற்றம் விருப்பத்தால் தொடங்கவில்லை. நீதிமன்ற ஆணையால் தொடங்கியது. வேண்டா வெறுப்பாக ஏற்றுக்கொண்ட ஒரு நடைமுறை பிற்காலத்தில் ஆதாயமாக மாறியிருந்தால் அந்த ஆதாயத்தை நம்பலாம். இந்த ஆய்வு வந்தடையும் இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆதாயம் உண்மையிலேயே கிடைத்தது, ஆனால் எல்லா ஆலைகளும் ஒரே விதிக்குள் வந்து ஒரே ஒழுங்கைக் கடைப்பிடித்த பிறகுதான் கிடைத்தது, அந்த விதி திருப்பூரோடு நின்றுவிட்டதால் இன்னும் முழுமையடையாமல் இருக்கிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யல், பேரூர்த் தலபுராணத்தில் காஞ்சிமாநதி என்று போற்றப்பட்ட ஆறு. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அதில் நீர் குறைவு. அணைக்கட்டுகளும் குளங்களுமாக முன்னோர் அமைத்துவைத்த தொடர், அந்தச் சிறிய நீரைச் சிந்தாமல் சேர்த்துக் கொங்கு நாட்டு வயல்களுக்குக் கொடுத்துவந்தது. எண்பதுகளில் பின்னலாடை ஏற்றுமதி பெருகத் தொடங்கியபோது, ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் எழுந்தன. ஓடும் நீர் குறைவாக இருந்த ஆற்றில், கோடைக்காலத்தில் ஓடியது பெரும்பாலும் சாயக்கழிவாகவே இருந்தது.

இந்தக் கழிவின் நிறமே எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆனால் நிலத்தைக் கெடுத்தது உப்பு. பருத்தித் துணிக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயம் தானாக இழையை நாடிப் போகாது. நீரில் உப்பைக் கரைத்தால்தான் சாயம் இழையின் பக்கம் தள்ளப்படும். பிறகு சலவைச் சோடாவைச் சேர்த்தால் அது இழையோடு பிணைந்துகொள்ளும். கரும் நிறங்களுக்கு ஒரு லிட்டர் நீருக்கு 80 கிராம் வரை உப்பு தேவைப்படும். பழைய விஞ்ச் இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்குச் சாயத்தொட்டியில் 15 லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கிலோ துணிக்கு 1,200 கிராம் உப்பு கரைகிறது. துணியைவிட உப்பின் எடை அதிகம். சாயத்தில் பெரும்பகுதியாவது துணியில் தங்கும். உப்பில் ஏறத்தாழ எதுவும் தங்காது. கொட்டிய உப்பு முழுவதும், அலசும் நீரோடு சேர்ந்து, பட்டறையை விட்டு வெளியேறிவிடும்.

தொண்ணூறுகளின் இறுதியில் கட்டப்பட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் ஏன் பயன் தரவில்லை என்பதற்கு விடையும் இதில்தான் இருக்கிறது. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுச் சாயத்தைக் கசடாகப் படியச் செய்யலாம். நுண்ணுயிர்களை வைத்துக் கரிமக் கழிவைக் குறைக்கலாம். கரைந்துவிட்ட உப்பை இந்த இரண்டு முறைகளும் தொடுவதில்லை. நிலையத்தின் வாயிலில் வெளியேறும் நீர் தெளிவாகத் தெரியும், ஆனால் அதில் கரைந்த திடப்பொருளின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற சட்ட வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும். அந்த நீர் பாய்ந்த மண்ணில் சோடியம் ஏறி, களிமண் துகள்களின் பிணைப்புக் குலைந்து, நீர் இறங்காத இறுகிய நிலமாகிவிடும். கிணறுகள் உவர்ந்தன. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992 இல் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாகியது. எந்த விவசாயிக்காக அணை கட்டப்பட்டதோ அந்த விவசாயியே, இதில் நீரைத் தேக்காதீர்கள் என்று முறையிடும் நிலை வந்தது. தமிழகப் பாசன வரலாற்றில் இதைவிடத் துயரமான ஒரு கோரிக்கையை நான் அறியேன்.

வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியாக்கியது. அதன் தொடர்ச்சியாக அமைக்கப்பட்ட இழப்பீட்டு ஆணையம், நொய்யல் படுகையில் பாதிக்கப்பட்ட 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் வழங்க வேண்டும் என்று கணக்கிட்டது. 2003 இல் பாசன விவசாயிகளின் அமைப்பான நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் உயர் நீதிமன்றத்தை நாடியது. 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத நிலையை, தொழிலில் உள்ளவர்கள் ஜீரோ டிஸ்சார்ஜ் என்று சொல்லும் நிலையை, 2007 ஜூலைக்குள் எட்ட வேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் விதித்தது. 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்து மூன்று மாத அவகாசம் தந்தது. அவகாசம் கடந்தும் கழிவு நிற்காததால்தான் 2011 இன் மூடல் உத்தரவு வந்தது.

இந்தக் கால வரிசையில் கவனிக்க வேண்டியது அபராதத்தின் அளவு. ஒரு லிட்டர் சாயக்கழிவை உப்பும் நீருமாகப் பிரித்தெடுக்க ஆகும் செலவு 10 பைசாவைத் தாண்டிவிடும். ஆகவே, கழிவைத் திறந்துவிட்டு அபராதம் கட்டுவது, சுத்திகரிப்பதைவிட மலிவான வழியாக இருந்தது. இதை ஆலை முதலாளிகளின் மனச்சாட்சிக் குறைவாக மட்டும் பார்த்தால் பாடம் தவறிவிடும். ஒரு பட்டறை நேர்மையாகச் செலவழித்துச் சுத்திகரித்தால், பக்கத்துப் பட்டறை கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துக் கூலி கேட்டு அதன் ஜாப் ஒர்க் முழுவதையும் வாங்கிக்கொள்ளும். நல்லது செய்தவர் தொழிலை விட்டு வெளியேற நேரிடும் சந்தையில், நல்ல நடைமுறையின் ஆதாயத்தைப் பற்றி எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும் பயனில்லை. எல்லா ஆலைகளையும் ஒரே நாளில் மூடிய உத்தரவு, அதன் கொடிய விளைவுகளோடு சேர்த்து, இந்த ஏற்றத்தாழ்வை ஒரே வீச்சில் நீக்கியது. மூடலால் வேலையிழந்த தொழிலாளர்களின் துன்பத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பத்தாண்டுக்கு முன்பே அளவான கண்டிப்பு இருந்திருந்தால் அந்தத் துன்பம் தேவைப்பட்டிருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மீட்சிக்கான வழி திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் உருவானது. தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் அங்கிருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்துகாட்டிய முறை, பிறகு மற்ற நிலையங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. சுண்ணாம்பைக் கொட்டிக் கசடைப் பெருக்குவதற்குப் பதிலாக, முதலில் நுண்ணுயிர்த் தொட்டியில் கரிமக் கழிவைச் செரிக்க விட்டு, எஞ்சிய நிறத்தை நீக்கி, நீரை ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே செலுத்தினார்கள். சவ்வைக் கடந்து வருவது நன்னீர். கடக்காமல் எஞ்சுவது அடர்ந்த உப்புக் கரைசல். அதுவரை எல்லோரும் அந்தக் கரைசலைக் கொதிக்கவைத்து ஆவியாக்கித் தீர்க்க வேண்டிய சுமையாகவே பார்த்தார்கள். சாயத்தொட்டிக்கு வேண்டியதே உப்புக் கரைசல்தானே என்ற எளிய கேள்வி இங்கே கேட்கப்பட்டது. கரைசலில் உள்ள நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, குழாய் வழியே அதை ஆலைகளுக்கே திருப்பி அனுப்பினால், ஆலை உப்பு மூட்டை வாங்க வேண்டியதில்லை, நிலையமும் அவ்வளவு நீரைக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. எரிபொருள் செலவு குறைந்ததற்கும் உப்புச் செலவு குறைந்ததற்கும் காரணம் இந்த ஒரே மாற்றம்.

இது நடக்க ஒரு நிபந்தனை இருந்தது. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் முக்கியமாகப் படுவதும் அதுதான். சாயப்பட்டறைகள் வழக்கமாகப் பயன்படுத்தியது சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. சிலர் குளோபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தினார்கள். இரண்டும் ஒரே குழாயில் கலந்து வந்தால், ஆவியாக்கிய பிறகு கிடைப்பது எந்தச் சாயத்தொட்டிக்கும் ஒவ்வாத கலப்பு உப்பு. எல்லோரும் சோடியம் சல்பேட்டுக்கு மாறினால், கரைசலைக் குளிரவைத்தே அதைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்து மீண்டும் விற்கலாம். எனவே ஒரு நிலையத்தில் உறுப்பினராக உள்ள இருபது, முப்பது ஆலைகளும் ஒரே உப்புக்கு மாற வேண்டியிருந்தது. விலை மலிவென்று ஒருவர் பழைய உப்பைக் கலந்தால், கெடுவது அவருடைய உப்பு மட்டுமல்ல, மற்ற எல்லோருடையதும். ஒரு கிலோ துணிக்குப் பத்துப் பைசா கூலியில் போட்டியிடும் ஆலைகள் ஒரே தொட்டியின் பங்காளிகளாகி, ஒருவர் அனுப்பும் கழிவை மற்றவர்கள் அளந்து பார்க்கும் உரிமை பெற்றார்கள். இயந்திரம் வாங்கிய கதையாகவே இந்த மாற்றத்தைச் சொல்வது வழக்கம். கூட்டுறவுச் சங்கத்தின் கதையாகச் சொல்வதே உண்மைக்கு அருகில் வரும் என்பது என் கருத்து.

அந்தச் சமயத்தில் மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. சோதனை ஓட்டத்தில் தேறிய நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. சொந்தமாகச் சுத்திகரிப்பு அமைப்பு வைத்துக்கொள்ளும் ஆற்றலுள்ள பெரிய ஆலைகள் தனியாக அனுமதி பெற்றன. முதலீடு செய்ய முடியாத சிறு பட்டறைகள் பல திறக்கப்படவே இல்லை.

திறந்தவர்களுக்குக் கிடைத்த முதல் ஆதாயம் நீர். திருப்பூரின் நிலத்தடி நீர் உவர்ப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. சாயம் அதிகரித்த ஆண்டுகளில் ஆலைகள் சுற்றுப்புறக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கின. பவானிப் பகுதியிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவுக்குக் குழாய் பதித்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் பெரிய திட்டம் தொடங்கப்பட்டதும் முதன்மையாக இந்தத் தேவைக்காகவே. இப்போது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பும் நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திரும்பி வருகிறது. நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர் பயன்படுத்தும் ஆலைக்கு அதில் 93 விழுக்காடு திரும்பக் கிடைப்பதாகக் கொண்டால், புதிதாகத் தேட வேண்டியது 70 ஆயிரம் லிட்டர் மட்டுமே. கோடையில் ஊரே தண்ணீருக்குத் தவிக்கும் ஆண்டிலும் அந்த ஆலை ஓடும். ஏற்றுமதியாளருக்கு இது விலையைவிட முக்கியமான உறுதி. சொன்ன தேதியில் சரக்கைக் கப்பலேற்ற முடியும் என்ற உறுதி.

இந்த நீரின் தரமும் ஆதாயத்தில் சேர்ந்தது என்பது பலர் எதிர்பாராதது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சாயத்தோடு சேர்ந்து துணியில் திட்டுத் திட்டாகப் படியும்; ஒரு லாட்டின், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய துணித் தொகுதியின், நிறம் அடுத்த லாட்டோடு ஒத்துப்போகாது. லாரியில் வந்த தண்ணீர் கிணற்றுக்குக் கிணறு மாறும் என்பதால் இது தீராத தலைவலியாக இருந்தது. ஆர்.ஓ. சவ்வைக் கடந்து வரும் நீர் மென்மையானது, தினமும் ஒரே தரத்தில் இருப்பது. நிறம் தவறி மறுபடி சாயமேற்றும் வேலை குறையும்போது, நேரம், சாயம், நீராவி, கூலி எல்லாமே மிச்சமாகின்றன.

கழிவுக்கு விலை வந்த பிறகு, ஆலைக்குள் ஏற்பட்ட மாற்றம் இன்னும் ஆழமானது. முன்பு நீர் அதிகமாகச் செலவானால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இப்போது நிலையத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் கட்டணம் உண்டு. ஆகவே விஞ்ச் இயந்திரங்கள் போய், குறைந்த நீரில் இயங்கும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்கள் வந்தன. ஒரு கிலோ துணிக்குத் தொட்டியில் 6 லிட்டர் நீரே போதும் என்னும்போது, மேலே பார்த்த அதே கரும் நிறத்துக்கு உப்பு 1,200 கிராமிலிருந்து 480 கிராமாகக் குறைகிறது. சூடாக்க வேண்டிய நீர் குறைவதால் விறகும் குறைகிறது. குளோரின் சலவை குறைந்து பெராக்சைடு சலவை பரவியது. கழிவைச் சுத்தம் செய்வதைவிடக் கழிவைக் குறைப்பது மலிவு என்பது பாடநூல் வாக்கியமாக இருந்தவரை யாரும் அதைக் கேட்கவில்லை. மாதாந்திரப் பில்லில் வந்த பிறகு எல்லோருக்கும் அது புரிந்தது.

ஏற்றுமதிச் சந்தையின் போக்கும் இதே காலத்தில் மாறியது. 2011 இல்தான் பெரிய ஆடை நிறுவனங்களின் சாய ஆலைக் கழிவு உலக அளவில் விவாதமாகி, அபாயமான ரசாயனங்களை விலக்கும் கூட்டுத் திட்டத்தில் அந்த நிறுவனங்கள் சேரத் தொடங்கின. பையரின், அதாவது ஆடை வாங்கும் நிறுவனத்தின், ஆய்வாளர் இன்று ஆலைக்கு வந்தால், தையல் நேர்த்தியைப் பார்ப்பதற்கு முன் கழிவுநீர் அறிக்கையைக் கேட்கிறார். இயற்கைப் பருத்திக்கான சான்றிதழ் பெற, சாயமேற்றும் இடத்தின் சுத்திகரிப்பு முறையும் தகுதி பெற வேண்டும். பொருள் வழங்கு தொடர் முழுவதிலும் சூழல் கேட்டைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பெரிய நிறுவனங்களின் மீது சுமத்தும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றியது. வேறு ஊர்கள் இதற்கு இனிமேல்தான் ஆயத்தமாக வேண்டும். திருப்பூர் அந்தக் கடினமான வேலையைப் பத்தாண்டுக்கு முன்பே முடித்துவிட்டது. 2024-25 இல் ஊரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. இந்த வளர்ச்சிக்கு நாணய மதிப்பு, வங்கதேசத்தின் நிலை, நூல் விலை என்று பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் சுத்திகரிப்பின் கணக்கில் எழுத முடியாது. ஆனால், கழிவுநீர் விதி வந்தால் தொழில் அழிந்துவிடும் என்று 2006 இல் வைக்கப்பட்ட வாதம் நிற்கவில்லை என்பதை மட்டும் இந்தத் தொகை ஐயமின்றிக் காட்டுகிறது.

காற்றாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்லடம், உடுமலைப் பகுதியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பித் திருப்பூர்க்காரர்கள் நிறுவிய காற்றாலைகளுக்குத் தூண்டுகோலாக இருந்தது, இயந்திரத்தின் விலையில் பெரும்பகுதியைத் தொடக்க ஆண்டுகளிலேயே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விடும் விரைவுத் தேய்மானம் என்ற வருமானவரிச் சலுகை. சலுகைக்காக வாங்கிய காற்றாடி, இன்று ஊரின் மின் கட்டணத்தையும் கரிமக் கணக்கையும் ஒருசேரக் குறைக்கிறது. நல்ல நடைமுறை நல்ல நோக்கத்திலிருந்துதான் பிறக்க வேண்டும் என்பதில்லை. சரியாக அமைக்கப்பட்ட விதி போதும்.

குறைகளை மறைத்து எழுதினால் இந்த ஆய்வுக்கு மதிப்பில்லை. ஆவியாக்கிகள் ஏராளமான விறகையும் மின்சாரத்தையும் தின்கின்றன. ஆற்றைக் காத்த முறை காற்றில் புகையைக் கூட்டுகிறது. எல்லா நிலையங்களும் உப்பைத் தூய்மையாகப் பிரிப்பதில்லை. பயன்படாத கலப்பு உப்பு மூட்டைகளாக நிலையங்களின் கொட்டகைகளில் தேங்கிக் கிடக்கிறது. ஒரு பகுதிக் கசடு சிமென்ட் சூளைகளுக்குப் போகிறது, ஆனால் உப்புக்கு அப்படி ஒரு போக்கிடம் இல்லை. மழை நாட்களில் நொய்யலில் நிறம் தென்படும் செய்தி இன்னும் வருகிறது. இரவில் கழிவைத் திறந்துவிடும் அனுமதியற்ற பட்டறைகள் முற்றாக ஒழியவில்லை. கெட்டுப்போன கிணறுகளும் உவர்ந்த நிலங்களும் ஆலைகள் திருந்திய வேகத்தில் திருந்தவில்லை. இதுவரை கிடைத்த ஆதாயத்தில் பெரும்பங்கு தொழிலுக்கும், மிகச் சிறு பங்கே கீழ்ப்படுகை விவசாயிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது எனக்கு வருத்தமளிக்கும் உண்மை.

இவை எல்லாவற்றிலும் தொழிலை நேரடியாக உறுத்துவது விலை வேறுபாடு. கழிவுநீரைச் சவ்வு வழியே செலுத்தி உப்பையும் மீட்கும் திருப்பூர்ச் சாய ஆலை, அந்தச் செலவைச் சாயக் கூலியில் சேர்த்தாக வேண்டும். அத்தகைய கட்டாயம் இல்லாத வேறு மாநில ஆலை குறைந்த கூலியில் அதே நிறத்தைத் தருகிறது. 2015 இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவு, நாளொன்றுக்கு 25 ஆயிரம் லிட்டருக்கு மேல் கழிவுநீர் உண்டாக்கும் ஜவுளி ஆலைகள் அனைத்துக்கும் நாடு முழுவதும் ஜீரோ டிஸ்சார்ஜைக் கட்டாயமாக்க முன்மொழிந்தது. 2016 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்தப் பொதுக் கட்டாயம் இல்லை. தேவையான இடங்களில் மட்டும் விதிக்கலாம் என்று அது சுருங்கிவிட்டது. திருப்பூருக்குள் ஒரு பட்டறைக்கும் அடுத்த பட்டறைக்கும் இடையே 2011 வரை இருந்த அதே ஏற்றத்தாழ்வு, இப்போது ஒரு மாநிலத்துக்கும் இன்னொரு மாநிலத்துக்கும் இடையே நிலவுகிறது. 2015 வரைவின் அந்தப் பிரிவை மீண்டும் எடுத்து, கால அட்டவணையோடு எல்லா ஜவுளி மையங்களுக்கும் விதிப்பதும், மீட்ட உப்பையும் நீரையும் பயன்படுத்திச் சாயமேற்றிய துணிக்குப் பையர்கள் கிலோவுக்குத் தர வேண்டிய கூடுதல் தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பதும், கலப்பு உப்பைப் பிரிக்கும் ஆலை ஒன்றை எல்லா நிலையங்களும் சேர்ந்து நிறுவுவதும் அடுத்துச் செய்ய வேண்டியவை என்று நான் கருதுகிறேன். இவற்றில் முதலாவது அரசின் கையிலும், இரண்டாவது வெளிநாட்டுக் கொள்முதல் மேலாளர்களின் கையிலும், மூன்றாவது அருள்புரத்தில் ஒரே உப்புக்கு மாறச் சம்மதித்த அதே ஆலை உரிமையாளர்களின் கையிலும் இருக்கின்றன.